தாயின் தட்டும் சேயின் உடலும்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலையும் வேளை. ஆலய முற்றத்து வேப்பமர நிழலில் ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. முகம் வெளிறியிருக்கிறது, நாலு படி ஏறி இறங்கியதற்கே மூச்சு வாங்குகிறது. அவ்வழியே வரும் மூதாட்டி ஒருவர், "ஏன் அம்மிணி, இப்படிச் சோர்ந்து உக்காந்திருக்கே?" என்று பரிவோடு வினவுகிறார். வினவியவரே விடையும் சொல்லிவிடுகிறார்: "தலைப்பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். பெத்து எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிரும்."

இக்காட்சியை நாம் பல பங்குகளிலும் கண்டிருக்கிறோம். அந்த ஆறுதல் மொழியில் அன்பு உண்டு; கூடவே ஓர் ஆபத்தும் உண்டு. கருவுற்ற பெண்ணின் களைப்பு யாவும் இயற்கையே என்று எண்ணி விட்டுவிடுவதால், நீக்கக்கூடிய குறைகள் நீக்கப்படாமலே பேறுகாலம் வரை தொடர்கின்றன. அதன் பின்னர் வருவதை ஆறுதல் மொழிகளால் தடுக்க இயலாது. 2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் கருவுற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருந்தது. மருத்துவமனைகள் மலிந்த நம் தமிழகத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்நிலையில் இருந்தனர். எனவே வேப்பமர நிழலில் அமர்ந்திருந்த அப்பெண் ஒருத்தியல்லள். நம் வீடுகளில் இரண்டில் ஒருத்தி அவள்.

அவளுக்கு என்ன குறை? அதை எவ்வாறு கண்டறிவது? எவ்வாறு தீர்ப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்களுள் தலையாய ஒருவர், நம் கோவைக்கு அண்மையிலுள்ள குன்னூரில் உழைத்தவர். முதலில் அவர் கதையைக் கேட்போம்.

பம்பாயில் ஒரு புதிர்

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அந்நாளில் பம்பாய்த் துணிநூல் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடுமையான சோகைக்கு ஆளாயினர். அவர்களுள் பலர் மடிந்தனர். அதன் காரணத்தை ஆராயும் பணி லூசி அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் அவர் ஆய்வைத் தொடங்கினார்.

சோகை என்றால் இரும்புச்சத்துக் குறைவு என்பதே பொதுவான எண்ணம். இரும்பு குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இப்பெண்களின் சிவப்பணுக்களோ அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. நோய்க்கிருமி காரணமோ என்று அவர் தேடினார், கிருமி அகப்படவில்லை. பிறகு அவர் அப்பெண்களின் அடுக்களைப் பக்கம் தம் பார்வையைத் திருப்பினார். யார் என்ன உண்கிறார்கள் என்று விசாரித்தார். பாலும் பழமும் காய்கறியும் அரிதாகவே காணும் ஏழை வீடுகளிலேயே இந்நோய் மிகுந்திருந்தது.

1929இல் அவர் தம் ஆய்வைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திற்கு எடுத்து வந்தார். அங்கே இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், 1918இல் ஒரு சிற்றறையில் 'பெரிபெரி' நோய் ஆராய்ச்சியாகத் தொடங்கிய பணி, உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்திருந்தது. 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குவது அக்கூடமே. 1931இன் தொடக்கத்தில் லூசி அம்மையார் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றிருப்பது அதுவே.

அவ்வேழைப் பெண்கள் உண்ட உணவையே விலங்குகளுக்கும் கொடுத்து அவர் சோதித்தார். அவ்வுணவால் சோகையுற்ற குரங்குகள், ஈஸ்ட் என்னும் நொதியிலிருந்து வடித்த 'மார்மைட்' என்ற கரிய பசையைக் கொடுத்ததும் தேறின. அதே பசையை நோயுற்ற தாய்மாருக்கும் கொடுத்தார். சாவின் வாயிலில் கிடந்த பெண்கள் சில நாட்களில் பசித்து உண்ணத் தொடங்கினர், இரத்தம் ஊறியது. இம்முடிவு 1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. பசையில் இருந்த பெயரறியாப் பொருளை உலகம் 'வில்ஸ் காரணி' என்று அழைத்தது.

இலையின் பெயர் பெற்ற மருந்து

அப்பொருள் யாது? 1941இல் அமெரிக்க அறிவியலார் நான்கு டன் பசலை இனக் கீரையிலிருந்து மிகச் சிறிய அளவில் ஓர் உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்றால் இலை. இலையில் கிடைத்ததால் அதற்கு 'ஃபோலிக் அமிலம்' என்று பெயரிட்டனர். 1945இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். லூசி அம்மையார் தேடிய பொருளே இது.

இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நம் பெண்களுக்கு இலவசமாக வழங்கப்படும் மாத்திரையில் இரும்போடு கலந்திருப்பது இந்த இலைச்சத்துதான். எத்தனை ஏழைத் தாய்மாரின் துன்பத்தினின்று அச்சிறு மாத்திரை பிறந்தது என்பதை அறிந்தால், அதை அலமாரிமேல் போட்டு மறந்துவிட நமக்கு மனம் வருமா?

பம்பாய் ஆலைப் பெண்களின் கதை நமக்கு அயலார் கதையன்று. 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை கோவையில் எழுந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கின் ஒலியில் விழித்த ஊர் நம் ஊர். இன்றும் சோமனூர் விசைத்தறிகளிலும் திருப்பூர்ப் பனியன் தொழிற்கூடங்களிலும் பல்லாயிரம் பெண்கள் உழைக்கின்றனர். காலையில் ஒரு தேநீரும் இரண்டு ரொட்டியும் உண்டு, நண்பகல் வரை நின்றபடி வேலை செய்யும் கருவுற்ற பெண்ணை நாம் அறியமாட்டோமா?

குறைக்கு ஏற்ற குறி

'சத்துக் குறைவு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வோர் உயிர்ச்சத்தின் குறைவுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு; தனித்தனி மருந்தும் உண்டு. இல்லத்தார் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஃபோலிக் அமிலம்: புதிய உயிரணுக்கள் பிறக்க இது இன்றியமையாதது. கருவில் குழந்தை வளர, தாய்க்கு இதன் தேவை பெருகுகிறது. உடலில் உள்ள சேமிப்போ சில மாதங்களுக்கே போதும். முகம் வெளிறுதல், மூச்சுவாங்குதல், நா சிவந்து வழவழப்பாகி எரிதல், பசியின்மை ஆகியவை இக்குறைவின் குறிகள். குழந்தைக்கு நேரும் கேடு இன்னும் கொடியது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். சரியாக மூடாவிடில் முதுகெலும்பு பிளந்த குழந்தையோ மண்டையோடு வளராத குழந்தையோ பிறக்கும். முன்னர் அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாருக்குக் கருவுறுமுன்பிருந்தே இச்சத்தைக் கொடுத்துப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்தது. மீண்டும் அதே குறை வருவது நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைந்தது என்று 1991இல் அம்முடிவு வெளியாயிற்று.

வைட்டமின் பி 12: இது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் மட்டுமே கிடைப்பது. இது குறைந்தாலும் சிவப்பணுக்கள் பெருத்துச் சோகை உண்டாகும். கூடவே கைகால் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி, நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றும். இச்சத்துக் குறைந்த தாயின் பாலை மட்டும் குடிக்கும் குழந்தை, சில மாதங்களில் சிரிப்பை மறந்து, கழுத்து நிற்காமல் துவண்டுவிடக்கூடும். சைவ உணவினர்க்கே இக்குறை வரும் என்று எண்ணிவிடலாகாது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் துண்டுகள் யார் தட்டுக்குப் போகின்றன? பரிமாறிவிட்டுக் கடைசியில் அமரும் மருமகளுக்கு வெறுங்குழம்பே மிஞ்சுமானால், அவள் இறைச்சி உண்ணும் வீட்டில் வாழ்ந்தும் சைவ உணவினளே!

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. பி 12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்புகளின் சேதமோ உள்ளே தொடரும். ஆகையால் கடையில் தாமாக வாங்கி விழுங்குவதை விடுத்து, இரத்தப் பரிசோதனைக்குப் பிறகே அதிக அளவு மருந்தை உட்கொள்ளவேண்டும்.

வைட்டமின் ஏ: கருவுற்ற பெண் அந்திப்பொழுதில் வாசற்படியில் இடறுகிறாளா? விளக்கேற்றும் நேரத்தில் பாத்திரத்தைத் தடவித் தேடுகிறாளா? அதுவே மாலைக்கண். பேறுகாலம் நெருங்கும் மாதங்களில் இது தலைகாட்டுவதுண்டு. கேட்டாலன்றிப் பெண்கள் இதைச் சொல்வதில்லை. ஆகவே மாமியார் கேட்கவேண்டும். மருத்துவரிடம் தெரிவித்தால் தக்க அளவில் மருந்து தருவார். மருத்துவர் சொல்லாமல் இதை மிகுதியாக உட்கொள்வது தீது. நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குறிப்பாக முதல் மூன்று மாதங்களில் அளவு மிஞ்சினால் கருவின் உறுப்புகள் பழுதுபடக்கூடும். ஈரலில் இச்சத்து மிகமிக அதிகம். 'இரத்தம் ஊறும்' என்று நாள்தோறும் ஈரல் கொடுக்கும் வழக்கத்தைக் கருவுற்ற காலத்தில் தவிர்க்கவேண்டும்.

வைட்டமின் டி: இது வெயில் தரும் சத்து. நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயிலில் நிற்பதற்கு நேரம்தான் இல்லை. விடியுமுன் ஆலைக்குள் புகுந்து இருட்டியபின் வெளிவரும் பெண்ணுக்கு இச்சத்து எங்கிருந்து கிடைக்கும்? இடுப்பு, தொடை எலும்புகளில் வலி, உட்கார்ந்து எழுவதற்கே தசைகளில் வலுவின்மை ஆகியவை இதன் குறிகள். தாய்க்கு இது மிகவும் குறைந்தால், குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்பு வரக்கூடும், எலும்பும் வளையக்கூடும்.

வைட்டமின் பி 1: மசக்கை வாந்தி ஓரளவு எல்லாருக்கும் உண்டு. வாரக்கணக்கில் எதுவும் வயிற்றில் தங்காமல் போனால், உடலிலுள்ள சிறிதளவு பி 1 சத்தும் தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாதல், நடை தடுமாறுதல், மனம் குழம்புதல் ஆகியவை கண்டால் அது உயிராபத்து. அந்நிலையில் குளுக்கோஸ் ஏற்றுமுன் இச்சத்தை ஊசி வழியே செலுத்தவேண்டும். எனவே, "எத்தனை நாளாக வாந்தி?" என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இரும்பு உயிர்ச்சத்து அன்று, தாதுப்பொருள். ஆயினும் மேற்சொன்ன குறைகளோடு கைகோத்து வருவதாலும், சோகைக்கு அதுவே தலையாய காரணமாதலாலும் இங்கே குறிப்பிடுகிறோம். சாம்பல், செம்மண், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னும் ஆசை கருவுற்ற பெண்ணுக்கு எழுந்தால் அதைக் கேலி செய்யாதீர்கள். இரும்புச்சத்து வற்றிவிட்டது என்பதை உடல் அவ்வாறு அறிவிக்கின்றது.

முதலில் சோதனை, பிறகு மருந்து

கரு உண்டானது தெரிந்தவுடன், 12 வாரங்களுக்குள், கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவமனையிலோ பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வருகையின்போதும் இரத்தத்தின் சிவப்புச்சத்தாகிய ஹீமோகுளோபினை அளந்து பார்ப்பார்கள். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுஞ்சோகை. இவ்வெண்ணை வீட்டார் யாவரும் அறிந்திருப்பது நலம். பிள்ளையின் பள்ளி மதிப்பெண்ணைக் கேட்டறியும் நாம், மருமகளின் இரத்த அளவைக் கேட்டறிவதில் என்ன தயக்கம்?

சோகை இல்லாதவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை, நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்று வீதம் 180 நாட்கள் உட்கொள்ளவேண்டும். குழந்தை பிறந்தபின் மேலும் 180 நாட்கள் தொடரவேண்டும். சோகை கண்டவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை தருவது வழக்கம். ஒரு மாதம் ஒழுங்காக உட்கொண்டும் இரத்தம் ஒரு கிராமளவேனும் ஏறவில்லையென்றால், இரும்பு மட்டும் குறைவன்று எனக் கொள்ளவேண்டும். அப்போது சிவப்பணுக்கள் சிறுத்துள்ளனவா, பெருத்துள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பி 12 அளவையும் சோதிப்பார்கள். லூசி அம்மையார் பம்பாயில் பார்த்ததும் இதைத்தான். பி 12 குறைவு உறுதியானால் அதற்கு ஊசியோ மாத்திரையோ உண்டு. சோகை மிகுந்தால் இரும்புச்சத்தைச் சிரை வழியே செலுத்துவர். கடுஞ்சோகையுற்றவரை மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். சிலருக்கு இரத்தமே ஏற்ற நேரிடும். பேற்றின்போது, நல்ல இரத்தமுள்ள தாய் தாங்கிக்கொள்ளும் உதிரப்போக்கைக் கடுஞ்சோகையுற்ற தாய் தாங்கமாட்டாள் என்பதை மறத்தலாகாது. வயிற்றுப் புழுக்களும் இரத்தத்தைக் குடிப்பதால், நான்காம் மாதத்திற்குமேல் பூச்சி மாத்திரை ஒன்றும் தருவர்.

மாத்திரை வாங்கி வந்தாயிற்று, விழுங்குவதில்தான் தடை. மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. அது இரும்பின் நிறமே, அச்சம் வேண்டா. "மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும்" என்பாரும் உண்டு, அது முழுப்பொய். குமட்டல் வருமானால் இரவு உணவுக்குப்பின் உட்கொண்டு படுக்கலாம். பாலுடனோ தேநீருடனோ விழுங்கினால் இரும்பு உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்றுடன் விழுங்கினால் நன்கு சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. வலிப்பு நோய்க்கு மருந்துண்போர் தாமாக எதையும் நிறுத்தலாகாது. அம்மருந்துகளுள் சில ஃபோலிக் அமிலத்தைக் குறைப்பனவாதலால், கருவுறுமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

கொங்கு அடுக்களையின் செல்வம்

மருந்து குறையைத் தீர்க்கும். குறை வராமல் காப்பது உணவே. கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியின் முதல்வராகவும், அது பல்கலைக்கழகமானபின் துணைவேந்தராகவும் விளங்கிய டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார், உள்ளூரில் விளையும் எளிய பொருள்களைக் கொண்டே சத்துணவை அமைக்க முடியும் என்று நெடுங்காலம் எடுத்துரைத்தவர். நம் அடுக்களையைப் பார்த்தால் அவ்வுண்மை விளங்கும்.

முருங்கைக்கீரை, சிறுகீரை, பண்ணைக்கீரை ஆகியவற்றில் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் ஏயாக மாறும் சத்தும் நிறைந்துள்ளன. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. முளைகட்டினால் அது மேலும் பெருகும். ஆனால் இச்சத்து வெப்பத்தில் அழியும், நீரில் கரையும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால், சத்தைச் சாக்கடைக்கு ஊற்றிச் சக்கையை உண்டவர்களாவோம். சிறிது நீரில், மூடி வைத்து, வெந்தவுடன் இறக்குவதே முறை.

அரிசியின் செய்தியும் அத்தகையதே. உமியை அடுத்த தவிட்டில்தான் பி 1 சத்து இருக்கிறது. ஆலையில் தீட்டத் தீட்ட அது கழிகிறது. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து உள்ளே அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டியபின்னும் புழுங்கலரிசியில் ஒரு பகுதி தங்குகிறது. பலமுறை கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் எஞ்சியதும் போய்விடும். குன்னூர்க் கூடத்தில் மக்காரிசன் வலியுறுத்திய உண்மை இது. புழுங்கலரிசியை உண்ணும் நம் முன்னோர் வழக்கம் அறிவுடையதே. கம்மஞ்சோறும் ராகிக்களியும் விருந்தாளிக்கு உகந்தனவல்ல என்று ஒதுக்கிய நாம், அவற்றைக் கருவுற்றவளின் தட்டிலேனும் மீண்டும் வைக்கலாமே!

இவற்றோடு நாள்தோறும் பாலோ தயிரோ, ஒரு முட்டை, கிடைக்கும்போது மீனோ இறைச்சியோ சேரட்டும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்புச்சத்து, கீரையிலுள்ள இரும்பை உடலில் சேர்க்கும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ அருந்தினால் அதற்கு நேர்மாறாகும்; ஒரு மணி நேரமாவது கழியட்டும். காலை நேரத்தில் சிறிதுநேரம் வெயிலில் உலவட்டும்.

வறுமையால் இவற்றை வாங்க இயலாதவர்களும் நம்மிடையே உண்டு. அங்கன்வாடியில் கருவுற்ற தாய்க்குச் சத்துமாவு வழங்கப்படுகிறது. 1987இல் தோன்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின்கீழ் தகுதியுடையோர்க்கு நிதியுதவியும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. வெளியூரிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள் பல இவற்றை அறியாதிருக்கின்றன. அவர்களைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று பதிவு செய்விப்பது, நம் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் செய்யத்தக்க நற்பணியன்றோ?

வழக்கங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம்

"குறைய உண்டால் பிள்ளை சிறுத்திருக்கும், சுகப்பேறு ஆகும்" என்னும் நம்பிக்கை இன்னும் சில வீடுகளில் நிலவுகிறது. சிறுத்துப் பிறக்கும் குழந்தை எளிதில் பிறக்கக்கூடும்; எளிதில் வாழாது. எடை குறைந்த சிசுவுக்கு நோயும் இறப்பும் நெருங்கிய உறவு. வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போட்டுப் பேற்றைச் சுகமாக்க எண்ணுவது பேதைமை.

நம் கொங்கு நாட்டில் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கட்டி வந்து கருவுற்ற மகளுக்கு விருந்திடும் வழக்கம் உண்டு. எத்துணை அழகிய வழக்கம்! ஆனால் அது நடப்பது கடைசி மாதங்களில். பலவகைச் சோறு ஒருநாள் உண்பதால் ஒன்பது மாதக் குறை தீராது. அவ்வன்பு முதல் மாதத்திலேயே தொடங்கி, நாளும் ஒரு கீரையாகவும் ஒரு முட்டையாகவும் அவள் தட்டில் விழவேண்டும்.

தவக்காலம் வரும்போது, கருவுற்ற பெண்கள் சிலர் பக்தி மிகுதியால் ஒருசந்தியிருந்து உடலை வருத்திக்கொள்கின்றனர். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் ஒருசந்தி கடமையன்று. ஐயமிருப்பின் பங்குத் தந்தையைக் கேட்டுத் தெளியலாம். தன் வயிற்றிலுள்ள உயிருக்காக அவள் முறையாக உண்பதே அந்நாளில் அவளுக்குரிய தவம் என்போம்.

இன்னொன்றை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். குழந்தையின் தண்டுவடக் குழல் 28 நாட்களில் மூடிக்கொள்கிறது என்று மேலே கண்டோம். அந்நாட்களில் தான் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. தெரிந்து மருத்துவரிடம் போகுமுன் காலம் கடந்துவிடுகிறது. ஆகையால் ஃபோலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில் உட்கொள்ளவேண்டும். நம் சமூகத்தில் திருமணமான சில மாதங்களிலேயே கருவுறுவது பெருவழக்கு. அப்படியானால், கோயிலில் ஓலை வாசிக்கும் அந்த ஞாயிறே மணப்பெண் மாத்திரையைத் தொடங்கத் தக்க நாள்! முன்னர் இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு இதைவிடப் பன்மடங்கு அளவு தேவை. அதை மருத்துவரே வகுப்பார். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இதைச் சொல்லித்தர ஒரு செவிலியருக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அக்கால் மணி நேரம் ஒரு குழந்தையை ஆயுள் முழுதும் முடங்கிக் கிடக்காமல் காக்கக்கூடும்.

யார் பொறுப்பு?

கருவுற்ற பெண்ணையே நோக்கி, "நன்றாகச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அகல்வது நமக்கு எளிது. தட்டு அவளுடையது, அதில் என்ன விழுகிறது என்பதை முடிவு செய்வோர் பெரும்பாலும் பிறரே. கணவன் சந்தைக்குப் போகும்போது கீரைக்கட்டையும் முட்டையையும் மறவாதிருக்கட்டும். இரவில் மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு நீட்டுவது அவன் கடமையாகட்டும். மாமியார் அவளை முதற்பந்தியில் அமர்த்தட்டும். ஆலையில் பணிபுரிபவளுக்கு நண்பகல் உணவை வீட்டிலிருந்தே கட்டிக் கொடுக்கட்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. பார்க்கும் கண் வேண்டும்.

லூசி வில்ஸ் அம்மையார் 1964இல் மறைந்தார். பெருத்த சிவப்பணுக்களை நுண்ணோக்கியில் கண்ட அவர், அதோடு நிற்காமல், "இப்பெண் என்ன உண்கிறாள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே எண்ணற்ற தாய்மாரைப் பிழைக்கவைத்தது. அக்கேள்வியைக் கேட்க நமக்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு, ஆலய முற்றத்தில் அந்த இளம்பெண் மீண்டும் அமர்ந்திருக்கக்கூடும். "அப்படித்தான் இருக்கும்" என்று கடந்து செல்லாமல் அவளருகே அமர்வோம். "இரத்தம் பார்த்தாயா அம்மிணி? எத்தனை இருக்கிறது? மாத்திரை சாப்பிடுகிறாயா? காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்போம். விடை சரியில்லையென்றால், திங்கட்கிழமை காலையில் அவளோடு சுகாதார நிலையம் வரை நடந்து போவோம்.